ஒரு கையளவு சந்து

டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிரித்துக்கொண்டிருக்கலாம். 'என்ன விசேஷம்?' என்று யாரும் கேட்க முடியாது. முதுகுக்கு முகம் கிடையாதே.

அப்படி நினைத்ததும் தக்கைக்கு இன்னும் சிரிப்பு வந்தது. வளைந்த ஊசியைத் துணியில் ஏற்றி, மறுபக்கம் வாங்கி, நூலை இழுத்தாள். இன்னும் இரண்டு முழம் தையல் பாக்கி. அதோடு இந்த வண்டி முடிந்தது. பட்டறையின் முதல் சின்ன வண்டி. 'என் வண்டி' என்றது மனசு. யாராவது கேட்டுவிட்டார்களோ என்று பயந்தவளைப் போல, உடனே 'நம்ம வண்டி' என்று திருத்திக்கொண்டாள்.

தக்கை என்பது மாமனார் வைத்த பெயர். பதினெட்டு வருஷத்துக்கு முன் அவள் மருமகளாக வந்த அன்று, "என்னடா இது, கனமே இல்லாத பொண்ணு, தக்கையாட்டம்" என்றார். எல்லாவற்றையும் கிலோ கணக்கில் பார்க்கிற வீடு. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டின் தொழில், கார்களைக் குண்டு துளைக்காதபடி செய்து கொடுப்பது. யாரோ வாங்கின காரைக் கொண்டுவந்து விடுவார்கள். அதன் உட்புறத்தை மொத்தமாக உரித்து, கதவுக்குள்ளும் கூரைக்குள்ளும் எஃகுத் தகடு வைத்து, கட்டைவிரல் கனத்துக்குக் கண்ணாடி மாட்டி, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி மூடிக் கொடுக்க வேண்டும். தகடு வெட்டிப் பொருத்துவது அவள் கணவன். வருகிறவர்களிடம் பேசுவது, தேதி சொல்வது, சொன்ன தேதிக்கு எல்லோரையும் விரட்டுவது அவனுடைய அக்கா. கடைசியில் துணி போட்டு மூடுவது தக்கை.

பதினெட்டு வருஷமும் பெரிய வண்டிகள்தான். அவற்றின் சொந்தக்காரர்களை அவள் பார்த்ததே இல்லை. டிரைவர்கள் வருவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே உட்காரப்போகிறவர் யார், அவருக்கு யாரிடம் பயம் என்று அவள் கேட்டதும் இல்லை. மருந்துக்கடையம்மா வருகிறவரைக்கும்.

மருந்துக்கடையம்மா வந்தது இரண்டு மாதத்துக்கு முன். சின்ன வெள்ளைக் கார். ஓட்டுகிற பக்கத்தில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போது சிக்னலில் ஒருவன் கண்ணாடியை உடைத்துக் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். பையோடு கடைச் சாவி, மூக்குக் கண்ணாடி, காரின் இரண்டாவது சாவி எல்லாம் போயிற்று.

நாத்தனார் மரியாதையாகத்தான் சொன்னாள். "இவ்வளவு கனத்தை உங்க வண்டி தாங்காதுங்க. நாங்க பெரிய வண்டி மட்டும்தான் பண்றோம்."

அந்த அம்மா எழுந்துகொண்டே, "பெரிய வண்டி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் பயம் வரணும்னு இருக்கா?" என்று கேட்டார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது.

ஓரமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த தக்கை, வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "செய்யலாம்" என்றாள்.

பட்டறையே திரும்பிப் பார்த்தது.

கதவுகளுக்குத் தகடு வேண்டாம். குண்டைத் தடுக்கிற துணி இருக்கிறது. அதைப் பல மடிப்பாக அடுக்கித் தைத்து அழுத்தினால் பாதிக் கனம் குறைந்துவிடும். பின்சீட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு தகடு. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த யோசனை அது. நாத்தனார் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, அவள் வழக்கப்படி ஒரு நிபந்தனை போட்டாள்.

"சொன்ன தேதிக்கு, அஞ்சு மணிக்குள்ள, இந்த வண்டி கேட்டைத் தாண்டிப் போகணும். போச்சுன்னா பின்பக்க ஷெட்டைக் காலி பண்ணி உனக்கே தரேன். சின்ன வண்டி வேலை மொத்தமும் உன் பொறுப்பு. போகலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும். சம்மதமா?"

சம்மதம் என்றாள். அந்தத் தேதிதான் இன்று.

"என்ன தக்கை, உள்ள கச்சேரியா? முதுகு குலுங்குது?"

நாத்தனார். முதுகுக்கும் முகம் உண்டு போலிருக்கிறது.

"தும்மல், அண்ணி."

"தும்மினா இவ்வளவு சந்தோஷம் வருமா? எங்கிட்டயும் சொல்லு, நானும் ரெண்டு தும்மறேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சேதி. அந்தம்மா தனியா வரலை. டியூஷன் டீச்சர் ஒருத்தங்க, பேக்கரி வச்சிருக்கறவங்க ஒருத்தங்க, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வராங்களாம். வண்டியைப் பாத்துட்டு, பிடிச்சிருந்தா அவங்க வண்டியையும் இங்கேயே விடறாங்களாம்."

தக்கை தலையை வெளியே எடுத்தாள். "நிஜமாவா?"

"பல்லைக் காட்டாத. முதல்ல இது போகட்டும். அஞ்சு மணி, ஞாபகம் இருக்கில்ல?"

"நாலு அம்பத்தொன்பதுக்கே போயிடும் அண்ணி. நீங்க வேணா கேட்டுல நின்னு டாட்டா காட்டுங்க."

"உன் வாய்க்குத்தான் முதல்ல ஒரு தகடு போடணும்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனாள். போகும்போது அவள் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

தக்கை மறுபடி உள்ளே குனிந்தாள்.

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தகடு முடிகிற விளிம்புக்கும் காரின் உடம்புக்கும் நடுவே சந்து விழும். அதை ஒரு எஃகுப் பட்டை வைத்து அடைக்க வேண்டும். பட்டை பொருத்தியவர் பக்கத்தில் சாக்பீஸால் டிக் போடுவார். டிக் இருந்தாலும், தக்கை தன் உள்ளங்கையால் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அட்டையை வைத்து, மேலே துணியைப் போட்டு, தைத்து மூடலாம். பட்டறை ஆரம்பித்த நாளில் மாமனார் போட்ட சட்டம்.

இடது மூலையில் டிக் இருந்தது. வால் நீண்ட டிக், மாமனாருடையதேதான். தக்கையின் மனசு அந்த நேரத்தில் பின்பக்க ஷெட்டுக்குள் நுழைந்திருந்தது. வெட்டுகிற மேஜையை எங்கே போடலாம்? ஜன்னல் பக்கம் போட்டால் வெளிச்சம் நன்றாக விழும். இரண்டு மெஷின் போதும். நடுவில் டியூஷன் டீச்சரின் வண்டி, அதற்குப் பின்னால் பேக்கரிக்காரம்மாவின் வண்டி... அட்டையை வைத்தாள். கை தன்பாட்டுக்குத் தைத்தது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோதுதான், மூலை முடிந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

பசை காயட்டும் என்று டிக்கியைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

*

"பூட்டு மாத்திட்டேன்" என்றான் கணவன், சாப்பிடும்போது. அதிகம் பேசாதவன்.

கதவைச் சாத்தினால் பத்து வினாடியில் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் கைப்பிடியை இழுத்தால் திறக்கும். வெளியே இருப்பவருக்குச் சாவி வேண்டும். மருந்துக்கடையம்மா கேட்டு வாங்கிக்கொண்ட வசதி அது.

"ரெண்டு வார்த்தை" என்றாள் தக்கை. "இன்னைக்குக் கோட்டா முடிஞ்சுது."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "முடியலை" என்றான். "தையல் அழகா வந்திருக்கு."

வெல்டிங்கைத் தவிர உலகத்தில் எதையும் அழகு என்று சொல்லாத மனுஷன். தக்கை தண்ணீர் டம்ளரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள்: எதற்கு இது? காலையில் டிக்கி, இப்போது டம்ளர். துக்கம் வந்தால் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுகிறோம். சந்தோஷம் வந்தால் மட்டும் ஒளிய இடம் தேடுகிறோம். யாராவது பார்த்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல.

டம்ளரைக் கீழே வைத்தாள். அவனைப் பார்த்து முழுசாகச் சிரித்தாள். அவனுக்குத்தான் வெட்கம் வந்துவிட்டது. "மோர் இருக்கா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினான்.

*

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

மருந்துக்கடையம்மா புதுத் துணி உடுத்தியிருந்தார். பேக்கரிக்காரம்மா ஒரு கேக் பெட்டியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வந்தார். டியூஷன் டீச்சர் கையில் நோட்டுப் புத்தகம், கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாராம். நாத்தனார் வாசலுக்கு ஓடினாள். "வாங்க வாங்க! வண்டி ரெடியா நிக்குது." திரும்பி, பல்லிடுக்கில், "டேய், சாவி எங்கடா?" என்றாள் தம்பியிடம்.

"அப்பாகிட்ட. கண்ணாடி துடைக்கணும்னு வாங்கிட்டுப் போனார். மாத்துச் சாவி இன்னும் போடலை."

"அப்பா எங்க?"

எல்லோரும் தேடினார்கள். அவர் வண்டிக்குள்தான் இருந்தார். பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சாவி சட்டைப் பையில். காது கேட்கிற மெஷினைக் கழற்றி முன்பக்கம் டாஷ்போர்டில் பத்திரமாக வைத்திருந்தார். நான்கு கதவும் பூட்டியிருந்தன.

தக்கை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தாள். கனமான கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதுவும் கொஞ்சம் வளைந்துதான் தெரியும். மூச்சு விடுகிறாரா? கண்ணாடியில் படிந்த தன் மூச்சைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு மாமனாரின் வயிறு மெல்ல மேலே எழும்பி, நிதானமாகக் கீழே இறங்கிற்று.

"குறட்டை" என்றான் கணவன்.

நாத்தனார் கண்ணாடியில் தட்டினாள். பிறகு குத்தினாள். "அப்பா! அப்போவ்!" மெஷின் மாட்டியிருந்தாலே இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது.

"உள்ள யாரு?" என்று கேட்டார் மருந்துக்கடையம்மா, பின்னாலிருந்து.

நாத்தனார் திரும்பினாள். அரை வினாடி. அந்த அரை வினாடியில் அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போனதைத் தக்கை பார்த்தாள். கடைசியில் வந்தது ஒரு பெரிய சிரிப்பு.

"டெமோங்க!"

"என்ன டெமோ?"

"பாதுகாப்பு டெமோ. பெத்த அப்பாவையே உள்ள வச்சுப் பூட்டியிருக்கோம். எங்களாலயே திறக்க முடியாது. நீங்க வேணா முயற்சி பண்ணிப் பாருங்க!"

மூன்று பேருக்கும் அப்படி ஒரு உற்சாகம். டீச்சர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்காத குறை. பேக்கரிக்காரம்மா கேக்கைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, "சுத்தியல் இருக்கா?" என்று கேட்டார். மரச்சுத்தியலைக் கொடுத்தார்கள். மாவு பிசைந்த கை. ஓங்கி நான்கு போடு போட்டார். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. பெரியவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"எல்லாரும் சேந்து வண்டியை ஆட்டுவோம்" என்றார் டீச்சர்.

ஆட்டினார்கள். பெரியவரின் முகத்தில் ஒரு புன்னகை பரவிற்று.

"தொட்டில் ஆட்டினா யாருக்குத்தான் தூக்கம் வராது?" என்றாள் தக்கை. டீச்சர் சிரித்த சிரிப்பில் நோட்டுப் புத்தகம் கீழே விழுந்தது.

டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடித்துப் பார்த்தார்கள். அவர் கண் திறக்காமலே துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

மருந்துக்கடையம்மா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. சிரிப்பாலா என்று தெரியவில்லை. "இத்தனை பேர் இடிச்சும் அந்த மனுஷன் எப்படி நிம்மதியா தூங்கறார் பாருங்க" என்றார். "எனக்கு இதுதான் வேணும்."

தக்கை தன் கைகளைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய நிம்மதியைத் தன் கையால் செய்திருக்கிறோம். அவள் அதை நினைத்து முடிப்பதற்குள் கணவன் அருகில் வந்தான்.

"சட்டை நனைஞ்சிருக்கு" என்றான் மெதுவாக. "உள்ள காத்து இல்ல."

கண்ணாடியை அறுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். தக்கை யோசிக்கவே இல்லை. "பின்பக்கமா போலாம். என் தையலைப் பிரிச்சிட்டு, தகட்டோட போல்ட்டைக் கழட்டிடுவோம்."

நாத்தனாருக்கு ஜாடை காட்டினாள். அவள் புரிந்துகொண்டு, "இந்த முன்கண்ணாடியோட விசேஷம் என்ன தெரியுமா..." என்று மூன்று பேரையும் வண்டியின் மூக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

காலையில் போட்ட தையலைத் தக்கையே பிரித்தாள். சின்னக் கத்தி முனை ஒவ்வொரு இழையாக வெட்டிக்கொண்டு போயிற்று. இடது மூலைத் துணியை ஒதுக்கி, அட்டையை உருவினாள். கணவன் டார்ச் அடித்தான்.

வெளிச்சம் எங்கேயும் பட்டுத் திரும்பவில்லை. நேராக உள்ளே போயிற்று.

பட்டை இல்லை. டிக் இருக்கிறது, பட்டை இல்லை. உள்ளேயிருந்து சூடான காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. கணவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. இப்போது அதற்கு நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். விரல், மணிக்கட்டு, முழங்கை. சீட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு தோள் வரைக்கும் போயிற்று. துண்டு தட்டுப்பட்டது. துண்டுக்குக் கீழே எதுவோ மெத்தென்று இருந்தது. காது.

பதினெட்டு வருஷத்தில் மாமனாரிடம் நிமிர்ந்து பேசினதில்லை. இப்போது காதைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

பின்சீட்டுக் கதவு படீரென்று திறந்தது. பெரியவர் ஒற்றைச் செருப்போடு வெளியே பாய்ந்தார். "திருடன்! திருடன்! வண்டிக்குள்ள திருடன் கை! காதைப் பிடிச்சிட்டான்!"

பட்டறை அதிரச் சிரித்தது. பேக்கரிக்காரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "டெமோ பிரமாதம்ங்க!" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நாத்தனார் அப்பாவின் முகத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகில் ஒன்று வைத்தாள். "ஏம்பா, உயிரே போயிடுச்சு எனக்கு!" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

தக்கையும் சிரித்தாள். சிரிப்பின் நடுவில், திருடன் கை என்ற வார்த்தை அவளுக்குள் எங்கோ தட்டி நின்றது. ஒரு கை உள்ளே போயிற்று. என் கை போன வழியில் யார் கை வேண்டுமானாலும் போகும்.

*

கேக் வெட்டுகிற சத்தம் முன்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. குடும்பம் மட்டும் டிக்கிக்குப் பின்னால் கூடியிருந்தது. பெரியவர் மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"பட்டை எங்கப்பா?" என்றாள் நாத்தனார்.

"எந்தப் பட்டை?"

"நீங்க டிக் போட்ட பட்டை!"

பெரியவர் செருப்பைப் பார்த்தார். "போடத்தான் போட்டேன். அப்புறம் நாந்தான் கழட்டினேன். நாலு நாளா மத்தியானம் இங்கதான் தூங்கறேன். அமைதின்னா அப்படி ஒரு அமைதி. காத்து வேணும்ல? கதவைத் திறந்து வச்சா உன் குரல் உள்ள வந்துடுது. மெஷினைக் கழட்டினாலும் வருது. டெலிவரிக்கு முன்னாடி திரும்ப மாட்டிடலாம்னு இருந்தேன், மறந்துபோச்சு. இன்னைக்குத்தான் ஏனோ ஒரே புழுக்கம். யாரோ துணி வச்சு அடைச்சிட்டாங்க."

"அந்த யாரோ இதோ நிக்கறா. பட்டை எங்க?"

"வாஷிங் மெஷின் ஆடிக்கிட்டே இருந்துச்சா... அதுக்கு அடியில முட்டுக் குடுத்திருக்கேன்."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். "அதான் நாலு நாளா சத்தமே இல்லாம துவைக்குது!"

கணவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். பின்சீட்டைக் கழற்ற வேண்டும், தகட்டைத் தளர்த்த வேண்டும், பட்டையை மாட்டி இறுக்க வேண்டும், பசை காய வேண்டும். "நாளைக்கு மதியம்" என்றான்.

மணி நாலே கால்.

நாத்தனார் தக்கையின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். "தைச்சிடு" என்றாள். "அடுத்த வாரம் முதல் சர்வீஸ்னு வண்டியைக் கூப்பிட்டு, பட்டையைப் போட்டுடலாம். ஒரே வாரம். டிக்கியைத் திறந்து, துணியைக் கிழிச்சு, யாரு கை விடப்போறா?"

"அண்ணி..."

"எனக்காகவா சொல்றேன்? ரெண்டு பேர் அங்க கேக்கைத் தின்னுட்டு, 'எங்க வண்டியை எப்ப விடலாம்'னு கேக்கறாங்க. நாளைக்குன்னு சொன்னா அவங்க முகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். நான் போட்ட தேதியை நானே மாத்த முடியாது. உனக்கு அந்த ஷெட் வேண்டாமா?"

வேண்டும். அது எவ்வளவு வேண்டும் என்று இந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிந்தது. நாத்தனார் கெட்டவள் இல்லை. நல்லது செய்கிற அவசரத்தில் இருக்கிறாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. தக்கை தன் மனசைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தாள். மாமா டிக் போட்டிருந்தார், நான் என்ன செய்வேன் என்று ஒரு குரல் அங்கே தயாராக உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில், தடவிப் பார்க்காதது நீதான் என்று இன்னொன்று. முதல் குரல் வாய் ஓயாமல் பேசிற்று. இரண்டாவது ஒரே ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

கணவனைப் பார்த்தாள். "உன் தையல்" என்றான் அவன். "நீ சொல்லு."

அதற்குள் மருந்துக்கடையம்மா ஒரு கேக் துண்டோடு பின்பக்கம் வந்துவிட்டார். "தையல்காரம்மா, எங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க? வாயைத் திறங்க." சொன்னபடியே ஊட்டிவிட்டார். "ஏன் பிரிச்சு வச்சிருக்கீங்க? சீக்கிரம் மூடிக் குடுங்க. ரெண்டு மாசமா இவங்க ரெண்டு பேர் வண்டியில தொத்திக்கிட்டுதான் வீட்டுக்குப் போறேன். முன்னெல்லாம் கடையைப் பூட்டினதும் வண்டியில பாட்டுப் போடுவேன், கூடவே பாடுவேன், கத்தி. யாரும் கேக்கமாட்டாங்கன்னு. இன்னைக்குப் பாடிக்கிட்டே போகப் போறேன்."

தக்கை கேக்கை விழுங்கினாள். மருந்துக்கடையம்மாவின் வலது கையைப் பிடித்தாள். மூலைக்குக் கொண்டுபோய், மெதுவாகச் சந்துக்குள் விட்டாள். கை முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று.

"இது என்ன?"

"இங்க ஒரு இரும்புப் பட்டை இருக்கணும்மா. இல்ல. மூடறதுக்கு முன்னாடி கையால தடவிப் பாக்கணும். நான் பாக்கலை. ஷெட்டைப் பத்தி நினைச்சுக்கிட்டு மூடிட்டேன்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் தொண்டையைச் செருமினார். பழியில் தன் பங்கை வாங்கிக்கொள்ள ஒரு அடி முன்னால் வந்தார்.

மருந்துக்கடையம்மா கையை வெளியே எடுத்தார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"எப்ப சரியாகும்?"

"நாளைக்கு மத்தியானம்."

அவர் டிக்கியின் விளிம்பைத் தடவினார். பேசினபோது குரலில் ஒரு குழந்தையின் பிடிவாதம் இருந்தது. "இன்னைக்கு மூடிக் குடுத்துடுங்க. அப்புறம் கொண்டுவந்து விடறேன். நீங்க மறைக்கலை. எனக்குத் தெரிஞ்சுதான் கேக்கறேன். ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆயிடாது. காலையிலேர்ந்து இதுக்காகவே காத்துக்கிட்டிருக்கேன், தையல்காரம்மா. என்னை வெறுங்கையோட அனுப்பாதீங்க."

"கேட்டியா?" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறந்து. "அவங்களே சொல்லிட்டாங்க." எங்கிருந்து எடுத்தாளோ, ஊசியில் நூல்கூடக் கோத்து வைத்திருந்தாள். நீட்டினாள்.

இப்போது யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் சம்மதம். மணி நாலு நாற்பது. இருபது நிமிஷத்தில் தைத்துவிடலாம். வண்டி போகும். அவர் பாடுவார். ஜன்னல், மேஜை, இரண்டு மெஷின், எல்லாம் அப்படியே கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. துக்கம் வரும் என்று தக்கை எதிர்பார்த்தாள். வரவில்லை. காலையில் டிக்கிக்குள் இருந்ததைவிட இப்போது மூச்சு நன்றாக வந்தது. அது ஏன் என்று பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஊசியை வாங்கிக்கொண்டாள். நூலை உருவி விரலில் சுற்றினாள்.

"மாட்டேம்மா" என்றாள்.